இலவச இசைத்தட்டு

பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்த அந்த நாலு விநாடிதான் மகனுக்குக் கிடைத்தது. போதும். அப்பா எடுத்துக் கொடுத்திருந்த இசைத்தட்டு பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே போய்ப் படுத்துக்கொண்டது. அங்கே காலையிலிருந்தே ஒளிந்திருந்த இன்னொன்று ரெக்கார்ட் பிளேயரில் ஏறியது.

“உறையத் துணி போட்டு மூடினியாடா, தகரக் காது?”

கட்டிலிலிருந்து வந்ததைக் குரல் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. சைக்கிள் டியூபில் மிச்சமிருந்த காற்று அது.

“மூடிட்டேன்பா.”

காலையில் வந்த நர்ஸ், அக்காவைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய், “இன்னிக்குப் பொழுது தாண்டுனா ஆச்சரியம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதைக் கேட்டதும் அக்கா அழுதாள். அப்பா அழவில்லை. “சனிக்கிழமைதானே? கூட்டத்தக் கூப்பிடு” என்றார்.

கூட்டம் என்றால் மூன்று பேர். பல் டாக்டர், வக்கீல், தலையாட்டி. முப்பது வருஷமாகச் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு இந்த மூன்றாம் மாடி வீட்டில் ஜாஸ் கேட்கிறார்கள். சும்மா கேட்பதில்லை. உறையை மூடிவிட்டு ஒரு தட்டைச் சுழல விடுவார்கள். வாசிப்பது யார், எந்த வருஷம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவனை அப்பா அடுத்த சனிக்கிழமை வரை உரித்துக் காயப்போடுவார். ஒரு பக்கம் முடியும் வரை யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது. அம்மா உயிரோடு இருந்தபோது காபித் தட்டோடு வாசற்படியிலேயே நிற்பாள். பக்கம் முடிந்து உள்ளே வந்ததும், “காபி ஏன் ஆறிக் கிடக்கு?” என்று திட்டு வாங்குவாள்.

அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷம் பிழை திருத்தியவர் அப்பா. திருத்தத் தாள் கிடைக்காத நேரத்தில் மனிதர்களைத் திருத்தினார்.

மகனைத் திருத்தியது அவனுடைய பதினோராம் வயதில். கூட்டத்தின் நடுவே நிற்க வைத்து, “இது என்ன வாத்தியம், சொல்லு” என்றார். கிளாரினெட்டை அவன் டிரம்பெட் என்றான். பல் டாக்டர் தொடையில் அடித்துச் சிரித்தார். அன்று மாலை வைத்த பெயர் தகரக் காது. பள்ளிக்கூடத்துக்கும் அதுவே போனது. அவன் கல்யாணப் பந்தலுக்கும் வந்தது. காது கேட்கும் கருவி விற்கும் கடை போட்டபோது, அப்பா திறப்பு விழாவில் நாலு பேர் முன்னால், “தகரக் காதுல ஈயம் பூசிக் கொடுப்பான், போங்க” என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். மகனும் சேர்ந்து சிரித்தான். வேறு என்ன செய்வது?

இன்று அந்தப் பெயரை அவர் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பொழுது சாய்ந்தால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது.

ரெக்கார்ட் பிளேயர் வாங்கியபோது கடைக்காரன் அதோடு ஓசியில் கொடுத்த தட்டுதான் இப்போது ஏறியிருந்தது. மெஷின் நன்றாகப் பாடுகிறதா என்று பார்த்துக்கொள்ள. கூலிக்கு வாசித்தவர்கள் யாரோ. அப்பா ஏமாந்து ஒரு மேதையின் பெயரைச் சொல்வார். உறையைத் தூக்கிக் காட்டி, “இப்ப யாருப்பா தகரக் காது?” என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

முள் இறங்கியது.

முதலில் ஒரு சாக்ஸபோன் தயங்கித் தயங்கி வந்தது. பின்னால் பிரஷ்ஷால் டிரம்மைத் துடைப்பது போல ஒரு சத்தம். வக்கீல் உடனே கண்ணை மூடிக்கொண்டார். பல் டாக்டர் தலையைப் பின்னால் சாய்த்தார், தன் நாற்காலியில் நோயாளிகள் சாய்வது போல. மகனுக்கு ஜாஸ் மேல் பெரிய விரோதமில்லை. இந்த மூஞ்சிகள் மேல்தான்.

சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்துக் கிசுகிசுத்தாள். “சாகுற நேரத்துலயும் இந்தப் பூனைச் சண்டைதானா? பாட்டுன்னா ஒரு ஆரம்பம், ஒரு முடிவு வேணாமா?”

“ஷ்ஷ்!” என்றார் வக்கீல், கண்ணைத் திறக்காமலே.

தட்டு ஓய்ந்தது.

“ஒற்றை நுரையீரல்காரர்!” பல் டாக்டர் துள்ளினார். அது அவர்கள் கும்பிடும் ஒரு சாக்ஸபோன் மேதையின் பட்டப்பெயர். “அந்த மூச்சக் கேட்டீங்களா? நடுவுல அறுந்து, தானா ஒட்டுது பாருங்க. வேற எவனுக்கு வரும்?”

“சந்தேகமே இல்ல” என்றார் வக்கீல். “ஆபரேஷனுக்கு அப்புறம், கடைசி வருஷம். வலி தெரியுதே! இதெல்லாம் வெளியிலயே வரல. எங்க புடிச்சாரு மனுஷன்!”

எல்லோரும் தலையாட்டியைப் பார்த்தார்கள். அச்சகத்தில் லிஃப்ட் ஓட்டியவர். எதைப் போட்டாலும் தலையாட்டுவார் என்று அப்பா வைத்த பெயர். அவர் கன்னம் நனைந்திருந்தது.

“யாருன்னு தெரியலீங்க” என்றார். “ஆனா… நல்லாருந்துச்சு.”

“முப்பது வருஷமா இதையே சொல்றாருய்யா!” பல் டாக்டர் சிரித்தார்.

இனி அப்பா. மகன் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டான்.

அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். கூட்டத்தைப் பார்க்கவில்லை. நேரே மகனைப் பார்த்தார். வாயோரம் கோணியது. அச்சுத்தாளில் பிழை சிக்கும்போது கோணும் அதே வாய்.

அவருக்குத் தெரிந்துவிட்டது.

“உறையக் காட்டு” என்றார்.

மகன் துணியை விலக்கினான். ‘ரெக்கார்ட் பிளேயர் வாங்குவோருக்கு இலவசம். விற்பனைக்கு அல்ல.’

பல் டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார்.

“வாங்குன அன்னிக்கு… ஒரே ஒரு தடவ கேட்டேன்.” அப்பா ஒவ்வொரு சொல்லாகக் கோத்தார். “வலி தெரியுதாம். கடைசி வருஷமாம். வக்கீலு… ஓசித் தட்டுய்யா!” அவர் சிரிக்க ஆரம்பித்தார். கட்டில் கிரீச்சிட்டது. “யாரு போட்டது தெரியுமா? என் பையன். என் பையன்டா!”

நாற்பது வயதில் முதல் முறையாக அதைக் கேட்கிறான். மகனும் சிரித்தான். அடக்கவே முடியவில்லை. அப்பாவும் மகனும் ஒரே நேரத்தில், ஒரே விஷயத்துக்கு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அப்பா இன்னும் முடிக்கவில்லை. விரல் தலையாட்டி பக்கம் திரும்பியது.

“நீ… ஓசித் தட்டுக்கு அழுதியேடா! அத்தன வருஷம் லிஃப்ட்ல… மேலயும் கீழயும் போனே. நீ மட்டும் மேல வரவே இல்லியே!”

தலையாட்டி அதற்கும் தலையாட்டினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மகன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

“சாகக் கிடக்கிறவர்னு வந்தா இதுக்கா?” வக்கீல் கிளம்பிவிட்டார். பல் டாக்டர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சிரிப்பு இருமலாகி, இருமல் ஒரு விக்கலாகி, நின்றுபோனது.

“டாக்டர்! அப்பாவப் பாருங்களேன்!” அக்கா ஓடி வந்து அலறினாள்.

“நான் பல் டாக்டர்மா” என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலை சவப்பெட்டி வந்தது. லிஃப்ட்டுக்குள் நுழையவில்லை. மூன்று மாடியும் கையால்தான் இறக்க வேண்டும். அக்கா புருஷன் ஒரு மூலை, சித்தப்பா ஒரு மூலை, மகன் ஒரு மூலை. பல் டாக்டர் போனை எடுக்கவில்லை. வக்கீலுக்கு மூட்டு வலியாம்.

“இருந்த மூணு பேரையும் வெரட்டியாச்சு” என்றாள் அக்கா. “சிரிச்சல்ல? இப்ப நாலாவது மூலைய யாரு தூக்குறது, நானா?”

வாசலில் தலையாட்டி நின்றார். சலவைச் சட்டை போட்டிருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மகனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. நேத்து ராத்திரி பூரா அந்தப் பாட்டு காதுலயே நின்னுச்சு. அது யாரு வாசிச்சது? உறையில பேரு எதாச்சும் போட்டிருந்துச்சா?”

போட்டிருந்தது. பின்பக்கம், கீழே, பொடி எழுத்தில். மகன் நேற்றே படித்திருந்தான்.

“பேரத் தெரிஞ்சு வச்சு நீங்க என்ன கிழிக்கப் போறீங்க?”

அக்கா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். மகனை அல்ல, பெட்டியை. அங்கிருந்துதான் சத்தம் வந்தது என்பது போல.

தலையாட்டி, “அதுவும் சரிதான்” என்றார். சட்டைக் கையை மடித்துவிட்டு நாலாவது மூலைக்குப் போனார். “தம்பி, திருப்பத்துல உங்க பக்கம் கொஞ்சம் ஏத்திப் பிடிங்க. சுவத்துல இடிக்கும்.”

தூக்கினார்கள். நினைத்ததைவிடக் கனம். முன்னால் இருவர் பின்பக்கமாக இறங்க, பின்னால் மகனும் தலையாட்டியும் பக்கத்துப் பக்கத்தில். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்.

முதல் திருப்பத்தில் கொஞ்சம் நின்றார்கள். அப்போதுதான் மகனுடைய உள்ளங்கையில் அது தட்டுப்பட்டது. பெட்டியின் அடிப்பலகை லேசாக அதிர்ந்தது. இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, பிறகு தயங்கி ஒன்று. தலையாட்டியின் விரல்கள். முகம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

நேற்றைய பாட்டில் அது எந்த இடம் என்று மகன் யோசித்துப் பார்த்தான். பிடிபடவில்லை.

“போலாமா?” என்றார் சித்தப்பா, கீழிருந்து.

இறங்கும்போது விரல்கள் ஓய்ந்தன. இரண்டாவது திருப்பத்தில் மறுபடி தொடங்கின. மகன் கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டான். அங்கேயும் கேட்டது.