அலமாரியின் நடுப்பலகை

தம்பி தன் பரிசுக் கோப்பைகளை அடுக்கி வைத்திருந்த அலமாரியின் நடுப்பலகையைத்தான் கழற்றினேன். வேறு மரமே கிடைக்கவில்லையா என்றால், நான் வேலை செய்யும் தச்சுப் பட்டறையில் துண்டு மரம் மலை மாதிரி கிடக்கிறது. எனக்கு இந்தப் பலகைதான் வேண்டும். கோப்பைகளைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு ரம்பத்தை எடுத்தேன்.

போன வாரம் ஒலிப்பதிவு அறையில் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. சின்ன வயதிலிருந்து அவன் பாடும்போது எதிரே உட்கார்ந்து காலால் தாளம் தட்டுகிறவள் நான். இல்லாவிட்டால் சரணத்தில் தலைதெறிக்க ஓடுவான். அன்று ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் கழற்றி, "யாரோ காலத் தட்டுறாங்க, கேக்குது" என்றார். அக்கா தட்டாமல் எனக்குப் பாட்டு வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டுத் துரை என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"அது அப்படித்தான் சார், சொன்னா கேக்காது. அக்கா, நீ வெளிய போய் உக்காரு."

செருப்பை மாட்டிக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். உள்ளே நாலு தடவை பாடியும் சரணம் ஓடிவிட்டது. நல்லா வேணும்.

என் தாளம் வெறும் சத்தமாம். சரி, அதையே வாத்தியமாக்கிக் காட்டுகிறேன் என்றுதான் பலகையை அறுத்துப் பெட்டியாக அடித்தேன். பழைய அழைப்புமணிக்குள் இருந்த, அதிர்வை வாங்கும் காசு அளவுத் தகட்டில் ஒயரைப் பற்றவைத்து, பலகைக்கு அடியில் ஒட்டினேன். நடுவில் ஒட்டியபோது ஸ்பீக்கரில் அண்டாவைத் தட்டியது போல் குமுறியது. பிய்த்து ஓரத்தில் ஒட்டினேன். வழுக்காமலிருக்க, அன்று மாட்டிக்கொண்டு வெளியேறிய செருப்பையே அறுத்து நாலு மூலையிலும் வைத்தேன்.

தம்பி கோப்பைகளைத் தாண்டி வந்து நின்றான். "அக்கா, நாளைக்குத் திரும்பப் பதிவு. இதக் குடேன்."

"பொட்டி மட்டும் போதுமா?"

"நீயும் வா."

"வர்றேன். தாளம் அக்காவோடதுன்னு அந்த சார் முன்னாடி சொல்லு. சொன்னாத்தான் கால வைப்பேன்."

"அதெல்லாம் சொல்லிக்கலாம்" என்றான்.

மறுநாள் ஒலிப்பதிவாளர் ஒயரைச் செருகி, பலகையில் விரலால் தட்டிப் பார்த்தார். "நல்லாருக்கே. யார் செஞ்சது?"

தம்பி தொண்டையைச் செருமினான். "நம்ம வீட்லதான் சார்."

சிவப்பு விளக்கு எரிந்தது. அவன் கண்ணை மூடி, மூச்சை இழுத்துப் பிடித்து, முதல் அடிக்காகக் காத்திருந்தான். வரவில்லை. கண்ணைத் திறந்து என் காலைத் தேடினான். இரண்டையும் நாற்காலி மேல் தூக்கிச் சம்மணம் போட்டிருந்தேன். பெருவிரல் மட்டும் பழக்கதோஷத்தில் துடித்தது. அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.