தோப்பு மண்

நிசார் அஹமது அந்தக் கட்டுரையைப் புகழப் புகழ எனக்குச் சந்தேகம் வலுத்தது. ஆம்பூரில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஞாயிறுதோறும் நான் நடத்தும் வாசகர் வட்டத்துக்கு இருபது பேர் வந்தாலே பெரிய விஷயம். ஒரு தோல் தொழிற்சாலையின் மேலாளர் அங்கே வந்து மண்ணைப் பற்றிய எழுத்துக்கு உருகுகிறார் என்றால், நம்புவதற்கு நான் என்ன பச்சைக் குழந்தையா?

கட்டுரை அப்படி. யாரோ புனைபெயரில் ஒரு சிறுபத்திரிகையில் எழுதியிருந்தார்கள். பாலாற்றங்கரைத் தென்னந்தோப்பில் இளநீர் கரிக்கத் தொடங்கிய கதை. மழை நாளில் தொழிற்சாலைக்குள் எந்தக் கழிவுநீர்க் குழாயைத் திறந்துவிடுகிறார்கள் என்றுகூட அதில் இருந்தது. ‘மண்ணைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே தேய்த்து உப்பை அறிவேன்’ என்ற வரியை மூன்று முறை படித்தேன். முதல் முறை அதன் அழகுக்காக. அடுத்த இரண்டும் பயத்தில். எங்கள் கடைசி பெஞ்சில் உட்காரும் முனீர் அகமது புத்தகத்தின் பக்கங்களை மோதிர விரலால்தான் புரட்டுவார். நிசாரின் தொழிற்சாலையில் பதினாறு வருடம் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டி, ஆள்காட்டி விரலில் உணர்ச்சி செத்துப்போனவர். நீங்களா எழுதினீர்கள் என்று நான் கேட்டதில்லை.

“எழுதினவரு கையப் புடிச்சிக் கண்ணுல ஒத்திக்கணும் டீச்சர்,” என்ற நிசார் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். “அந்தத் தோப்பு மண்ணு. காலைல நானே அள்ளினு வந்தேன். படிச்சா மட்டும் போதுமா? எல்லாரும் தொட்டுப் பாக்கட்டும்.”

டப்பா முன்வரிசையிலிருந்து கிளம்பியது. நிசாரின் கண் ஒவ்வொருவர் விரலாகப் போய் வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. முனீருக்கு இரண்டு பெண்கள் கல்லூரியில் படிக்கிறார்கள். இந்த வேலை போனால் இந்த ஊரில் எந்தத் தொழிற்சாலையும் அவரைச் சேர்த்துக்கொள்ளாது.

எழுந்து போய் டப்பாவை வாங்கினேன். “கட்டுரையில இருக்கிற மாதிரியே செய்யலாம். எல்லாரும் மோதிர விரலாலதான் தேய்க்கணும்,” என்றேன்.

வகுப்பறைக் குரல் எடுபட்டது. முன்வரிசையில் ஆக்னஸ் தேய்த்தாள். ஜெஸ்டன் தேய்த்தான். சிரித்துக்கொண்டே ஒருவர் விடாமல் தேய்த்தார்கள். இனி யாரைக் கண்டுபிடிப்பீர் ஐயா என்று உள்ளுக்குள் கொக்கரித்துக்கொண்டேன்.

டப்பா கடைசி பெஞ்சுக்குப் போனது. முனீர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அப்புறம் நிசாரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். நானும் நிசாருக்கு உடந்தை, அவர் விரலைப் பிடிக்கத்தான் இப்படிச் சொன்னேன் என்று நினைக்கிறார்!

அத்தனை பேரில் அவர் ஒருவர் மட்டும் ஆள்காட்டி விரலை மண்ணில் வைத்தார். ஒன்றும் தெரியாத அந்த விரலால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நிசார் நாற்காலியை விட்டு எழுந்தார்.