சீல் உடைக்காத பெட்டி

வெளிநாட்டிலிருந்து வரும் கார் உதிரிபாகங்களில் அசல் எது, போலி எது என்று பிரித்துச் சொல்வதில் அந்தக் கடைக்காரர் கில்லாடி. மற்ற கடைக்காரர்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வருவார்கள். வாடிக்கையாளர் கண் முன்னாலேயே சீலை உடைத்து, முகர்ந்து, சுரண்டி, புரட்டிப் பார்த்த பிறகுதான் எதையும் விற்பார். சொந்தக்காரர்களுக்கு மட்டும் சீல் உடைக்காத பெட்டி. உடைத்ததைக் கொடுத்தால், யாரோ வேண்டாமென்று வைத்துவிட்டுப் போனதைத் தலையில் கட்டிவிட்டதாக நினைப்பார்களாம். பெரிய மரியாதைதான், போங்கள்.

அன்று காலை கடை திறந்ததும் தங்கை வந்தாள். அவள் புருஷன் கார் விபத்தில் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு பிரேக் பேடை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நொறுங்கிய காரிலிருந்து மெக்கானிக் கழற்றிக் கொடுத்தது.

“இது நல்லதான்னு பாத்துச் சொல்லுண்ணா. அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசித்தான் அவர அனுப்பினேன். அந்தக் கோவத்துல வேகமாப் போயி லாரியில விட்டுட்டாரோன்னு நெனச்சு நெனச்சு எனக்குத் தூக்கமே இல்ல.”

அவர் கையில் எடுத்தார். அசலில் தயாரிப்பு எண் இரும்பிலேயே குத்தியிருக்கும். இதை நகத்தால் சுரண்டினால் எண் பெயிண்டோடு உதிர்ந்தது. தேயும் பாகம் பசை விட்டு மொத்தமாகக் கழன்றிருந்தது. அசல் பெட்டிக்குள் போலிச் சரக்கு. கண்டுபிடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த அரை நிமிஷத்தைத்தான் அவர் மாப்பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. பெட்டியின் அச்சை மட்டும் பார்த்துவிட்டு, முதுகில் தட்டி அனுப்பி வைத்திருந்தார்.

“போலிம்மா,” என்றார். “அவரு மிதிச்சிருக்காரு. பிரேக் பிடிக்கல. நீ போட்ட சண்டைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

தங்கை அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

“வயித்துல பால வார்த்தண்ணா.”

அதோடு போயிருந்தால் தேவலை.

“எந்தப் பாவி கடையில வாங்கினாரோ?”

ஊரில் எத்தனையோ கடை. எதைச் சொன்னாலும் நம்பியிருப்பாள்.

“இங்கதாம்மா. நான்தான் குடுத்தேன். சீலப் பிரிக்காம.”

அவள் கையை விட்டாள். அலமாரியில் அடுக்கியிருந்த பெட்டிகளையே வெகுநேரம் பார்த்தாள்.

“போலின்னே சொல்லாம இருந்திருக்கலாம்ல. பழி என்மேலயே இருந்திருக்கும். எனக்கு அண்ணனாவது மிஞ்சியிருப்பான்.”

பேடைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.