ஹாவியின் புள்ளி

அலுவலகக் கதவை யாரோ ஹெல்மெட்டால் இடித்தார்கள்.

நெரியா எழுந்திருக்கவில்லை. காலையிலிருந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. கடித்து வைத்த மண்டாசிப் பலகாரம் மேசையில் காய்ந்து கிடந்தது. ஒபோன்யோதான் போய்த் திறந்தான். ஏரிக்கரை மருத்துவமனை நர்ஸ் அபோண்டி உள்ளே வந்து, பைக் டாக்சிக்காரனிடம் திருப்பித் தர மறந்த ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தாள்.

"உங்க மெஷின் செத்துப் போச்சா, தூங்குதா?"

மெஷின் என்று அவள் சொன்னது, கிசுமு வட்டாரத்துக் கர்ப்பிணிகளை லுவோ மொழியில் ஃபோனில் கூப்பிட்டு நலம் விசாரிக்கும் ஏஐ ஏஜென்டை. அதைக் கட்டி மேய்ப்பதுதான் இவர்கள் இருவருக்கும் வேலை.

"உக்காருங்க சிஸ்டர். என்ன ஆச்சு?"

"ஏழு மாசக்காரி. பிரஷர் ஏறிக்கிட்டே போகுது. ரெண்டு செக்கப்புக்கு வரல. உங்க மெஷின் அவள கூப்பிட்டுச்சா இல்லையா?"

"யாரு?"

"ஹாவியம்மா."

"அவங்க சொந்தப் பேரு?"

"அது யாருக்குத் தெரியும்? ஒமேனா மீன் காயவெச்சு விக்கிறவ. கரைக்கே போய்ப் பாத்தேன், இல்ல. புள்ளய அடக்கம் பண்ணின பெறகு வேற கரைக்குப் போயிட்டாளாம். செக்கப் அட்டை அவ கையில. நம்பர் உங்க மெஷின்கிட்ட."

ஒபோன்யோ படத்தைத் திறந்தான். ஏஜென்டின் நினைவில் எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் கருவி அது. ஆள் ஒரு புள்ளி. நம்பர், பிரசவத் தேதி, மாத்திரை, பயம் எல்லாம் அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பும் கோடுகள். 'ஹாவியம்மா' என்று தட்டினான். ஒன்றும் வரவில்லை.

நெரியா கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "போன மாசம் ஹாவிய எடுத்தோமே."

மலேரியாவில் குழந்தை ஹாவி போன பிறகும் ஏஜென்ட் தடுப்பூசிக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லி ஃபோனில் கத்தியவளே அபோண்டிதான். அன்றே நெரியா ஹாவியின் புள்ளியை அழித்தாள். இரக்கத்தில் செய்தது.

"புள்ளயத்தான எடுக்கச் சொன்னேன்" என்றாள் அபோண்டி. "அம்மாவ எதுக்கு எடுத்தீங்க?"

ஒபோன்யோ எந்த ஆளோடும் சேராமல் மிதக்கும் புள்ளிகளை மட்டும் திரைக்குக் கொண்டுவந்தான். கொட்டிய கேழ்வரகு போல அவை சிதறிக் கிடந்தன.

"அம்மாவுக்குன்னு தனிப் புள்ளியே இல்ல சிஸ்டர். எல்லாரும் ஹாவியம்மான்னு சொன்னதால, எல்லாத்தையும் ஹாவி மேலயே கட்டி வெச்சிருக்கு. அத எடுத்ததும் மொத்தமும் அவுந்து போச்சு. அத என்ன சொல்ல? எங்கம்மா பேரு எங்கப்பாவுக்கே யோசிச்சாத்தான் வரும்."

"உங்கப்பா கதைய அப்புறம் கேக்கறேன். பழசு ஒரு காப்பி இருக்குமில்ல?"

"நைரோபி ஆபீஸ்ல இருக்கு. கேட்டா, திங்கக்கிழமை பாக்கறோம்பாங்க."

"திங்கக்கிழமை வரைக்கும் அவ பிரஷர் காத்திருக்காது தம்பி."

மிதப்பவற்றை நெரியா ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தாள். மாத்திரை கசக்கிறது. கணவன் படகில். மாமியார் வீட்டில் ஃபோன் இல்லை. யார் யாருடையதோ. நடுவில் கரண்ட் போய், காற்றாடி நின்றது. லேப்டாப் வெளிச்சத்தில் அவள் குரல் தேய்ந்துகொண்டே போனது.

"காலையில் கூப்பிடாதே, கொக்கு மீனைத் தின்றுவிடும்."

"நில்லு. இவதான்" என்றாள் அபோண்டி. "மெஷின் கூப்பிட்டுச்சுன்னு ஃபோன எடுக்கப் போனாளாம். திரும்பி வர்றதுக்குள்ள கொக்கு பாயில காஞ்ச மீன்ல பாதியக் காலி பண்ணிருச்சுன்னு என்கிட்ட வந்து சண்ட போட்டா. நஷ்டத்த மெஷின் தருமான்னு கேட்டா."

அந்தப் புள்ளியிலிருந்து ஒரே ஒரு கோடு போனது. மறுமுனையில் ஒரு நம்பர்.

நெரியா ஸ்பீக்கரில் போட்டாள். நெடுநேரம் அடித்த பிறகு அலைச் சத்தத்தோடு ஒரு குரல் வந்தது. அபோண்டி சட்டென்று முன்னால் குனிந்தாள்.

"நான் அபோண்டி. கால் வீங்கியிருக்கா?"

"செருப்பு ஏறல சிஸ்டர். கண்ணுல பூச்சி பறக்குது. ஃபோன் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். புள்ள போனதோட அதுவும் நின்னு போச்சு."

"பேசாம நிழல்ல ஒருக்களிச்சுப் படு. எந்தக் கரைன்னு சொல்லு, ஆம்புலன்ஸ் வருது."

அவள் சொன்னாள். அபோண்டி தன் ஃபோனோடு வெளியே ஓடினாள்; ஒபோன்யோ ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனான்.

நெரியா புதிதாக ஒரு புள்ளி வைத்தாள். கொக்கு, நம்பர், பிரஷர், தேதி என்று ஒவ்வொன்றாக இழுத்து வந்து அதில் கட்டினாள். பெயருக்கான இடம் மட்டும் காலியாக நின்றது.

"அக்கா, உங்க சொந்தப் பேரு சொல்லுங்க. இனிமே ஃபோன் வந்தா அந்தப் பேர்லயே கூப்பிடும். பழசு எதுவும் பேசாது."

அலைச் சத்தத்துக்கு மேலாக அவள் குரல் வந்தது.

"ஹாவியம்மான்னே போடும்மா. இந்தக் கரையில என்னை அப்படிக் கூப்பிட ஒருத்தரும் இல்ல."