ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே

வீட்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கல்யாணப் பத்திரிகை வந்தால் யாருக்குக் கல்யாணம் என்று பார்க்கமாட்டாள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பாள். எழுத்துரு வரைவதுதான் தொழில். கோடுகளின் முனையில் சின்னச் சின்னப் பாதம் வைத்த, மணிக்கணக்கில் படித்தாலும் கண் களைக்காத பழைய பாணிப் புத்தக எழுத்து ஒன்றை ஐந்து வருஷம் உட்கார்ந்து வரைந்து முடித்திருந்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இவள் குஞ்சைப் பார்த்தவர்களும் பொன் என்றுதான் சொன்னார்கள். ஒரு பதிப்பாளர், நர்ஸுகளுக்கான மருந்து அளவுக் கையேட்டை முழுக்க முழுக்க அந்த எழுத்திலேயே அமைத்து அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

அச்சு ஓடுவதைக் கண்ணால் பார்க்க ஒரு வியாழக்கிழமை காலை அச்சகத்துக்குப் போனாள். அவள் தங்கை குழந்தைகள் வார்டில் நர்ஸ். அன்று அவளுக்கு விடுமுறை என்பதால் அவளும் கூட வந்தாள். இயந்திரம் தடதடவென்று தாள்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. போர்மேன் ஒரு தாளை உருவி மேஜையில் விரித்தார். அக்காள் எழுத்தின் வளைவுகளைப் பார்த்தாள். தங்கை மருந்துகளைப் பார்த்தாள்.

"அக்கா, இது தப்பாச்சே. குழந்தைக்கு இந்த மருந்து ஒன்றரை மில்லிகிராம்தான். பதினஞ்சுன்னு போட்டிருக்கு."

அக்காள் லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தாள். புள்ளி இல்லாமல் இல்லை. ஆனால் 1 என்ற எண்ணின் பாதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சொரசொரப்பான தாளில் மை பரவியதும், புள்ளி பாதத்துக்குள் போய்விட்டது. கால் விரல் ஒன்று சற்றே நீண்டாற்போல் இருந்தது, அவ்வளவுதான்.

எழுத்துருவை வெளியிடுவதற்கு முந்தைய வாரம், 1.5 என்று எழுதினால் நடுவே பல் விழுந்த மாதிரி ஓட்டை தெரிகிறது என்று யாரோ குறை சொல்ல, புள்ளியை இழுத்துப் பக்கத்தில் வைத்தவள் அவள்தான். திரையில் அழகாக இருந்தது. மட்டமான தாளில், பொடி எழுத்தில் அடித்துப் பார்க்கவில்லை.

மை கொஞ்சம் கூடியிருக்கும், குறைத்துப் பார்க்கலாம் என்றார் போர்மேன். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்கும் தோன்றத்தான் செய்தது. மையைக் குறைத்தார்கள். இருபது தாள் கழித்து எடுத்த தாளிலும் பதினைந்துதான்.

"மை மேல தப்பில்லைங்க," என்றாள். "நான் வரைஞ்சதுதான் தப்பு. மெஷினை நிறுத்துங்க."

பதிப்பாளர் சொல்லாமல் நிறுத்தினால் தன் வேலை போய்விடும் என்றார் போர்மேன். அவள் பதிப்பாளரைப் போனில் பிடித்து விஷயத்தைச் சொன்னாள். பதிலுக்கு அவர் சொன்னது இதைவிட மோசமாக இருந்தது. சோதனைக்காக ஐம்பது பிரதிகள் போன வாரமே சின்ன இயந்திரத்தில் அச்சாகி, நேற்றுச் சாயங்காலம் தங்கை வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அதைக் கேட்ட பதற்றத்தில் மெஷினை நிறுத்த அவரிடம் அனுமதி கேட்கவே அவள் மறந்துபோனாள்.

தங்கை வார்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். மூன்றாவது தடவைதான் தலைமை நர்ஸ் எடுத்தார். புதுப் புத்தகம் வந்திருக்கிறது, நாலு பிரதி. இன்று காலைகூட ஒரு பெண் அதைப் பார்த்துத்தான் மருந்து கணக்குப் போட்டாள் என்றார்.

"எந்த மருந்து?" என்று கேட்ட தங்கையின் முகம் வெளுத்தது. "குடுத்தாச்சா? முதல்ல போய்ப் பார்த்துச் சொல்லுங்கம்மா."

மறுமுனையில் போனை மேஜையில் வைக்கும் சத்தமும், செருப்புச் சத்தம் தூரத்தில் போவதும் கேட்டன. போர்மேன் தங்கையின் முகத்தைப் பார்த்தார். யாரையும் கேட்காமல் நடந்துபோய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். தடதடப்பு அடங்கியது.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. கொடுக்கவில்லை. பதினைந்து மில்லிகிராம் என்றால் ஒரு குழந்தைக்கு எட்டுக் குப்பி உடைக்க வேண்டும் என்று கணக்கு வந்ததாம். அந்தப் பெண் சந்தேகப்பட்டு டாக்டருக்காகக் காத்திருக்கிறாளாம். அந்தப் புத்தகத்தை யாரும் தொட வேண்டாம் என்று எல்லா வார்டுகளுக்கும் சொல்லச் சொன்னாள் தங்கை.

அக்காள் தாள்கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் பிரதிகளைத் திரும்ப வாங்க வார்டுக்குப் போனபோது அந்தப் பெண்ணைப் பார்த்தாள். போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்குக் கூச்சமாகிவிட்டது.

"எனக்குக் கணக்கு சுமாராத்தான் வரும். அதான் எதையும் ரெண்டு தடவை போட்டுப் பார்ப்பேன்," என்றாள்.

பதிப்பாளர் கத்தவில்லை. இது முன்பே தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும் என்றாள். அவர் கையேட்டை வேறு எழுத்தில் அமைத்தார். அவள் தன் எழுத்துருவை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டு, அதை வாங்கியிருந்த ஒவ்வொருவருக்கும் நடந்ததை ஒளிக்காமல் எழுதினாள். சிலர் பதில் போட்டார்கள். சிலர் அதோடு சரி.

ஆனால் அந்த வியாழக்கிழமை சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது கைக்கு வந்தவை நாற்பத்தொன்பது. ஐம்பதாவதைத் தேடி அக்காளும் தங்கையும் இரண்டு நாள் வார்டு வார்டாக ஏறி இறங்கினார்கள். சனிக்கிழமை மத்தியானம் அது ஒரு டாக்டரின் கார் பின்சீட்டில், பிரிக்காத உறைக்குள் கிடைத்தது. அதை வாங்கிப் பைக்குள் வைத்த பிறகுதான், காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லை என்பது அக்காளுக்கு உறைத்தது.