நாலாவது ஆள்

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை. வீடு பார்க்கப் போன இடத்தில் கிடைத்தது. எங்களுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. ஒத்தக்கடையில் ஒரு வீடு காலியாக இருப்பதாக ஆபீஸில் ஒருவர் சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். சாவி எதிர்வீட்டுச் செல்லத்தாயிடம் இருந்தது. பிள்ளைகுட்டியோடு குடியிருக்க இந்தத் தெரு எப்படி என்று அவரிடம் கேட்டேன். அவர் சாவியை மடியில் போட்டுக்கொண்டு, ஏழு வருஷத்துக்கு முன்னால் தான் இங்கே வந்து சேர்ந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

வீட்டுக்கு வந்து அதை மூன்று விதமாக ஆரம்பித்துப் பார்த்தேன்.

“மதுரை தூங்காத நகரம். அந்த நகரத்தில் தலைசாய்க்க ஓர் இடம் தேடி—” (இதற்கு மேல் எழுத வெட்கமாக இருந்தது.)

“1981 ஜூலையில், வாடகை வீடு தேடி அலைந்த ஒரு பெண்ணின் மனப் போராட்டம்—” (மனப் போராட்டம் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. செருப்பு அறுந்ததைத்தான் சொன்னார்.)

மூன்றாவதுதான் நீங்கள் படிக்கப்போவது. ஒரு சங்கடம் மட்டும் உண்டு. கதைக்குள் அவரை ‘அவள்’ என்று எழுத வேண்டியிருக்கிறது. கதையில் அவருக்கு முப்பது வயதுதான். நேரில் அப்படிப் பேச எனக்குத் தைரியம் கிடையாது. அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

2

செல்லத்தாயின் ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே. கணவன் மலையாண்டி அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக். அவனுக்கு மதுரைக்கு மாற்றல் வந்தபோது அவனுடைய அம்மா இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. வீட்டில் மிச்சம் நாலு பேர்: மலையாண்டி, செல்லத்தாய், ஒன்பது வயது மகள் பாண்டியம்மாள், மலையாண்டியின் தம்பி விருமாண்டி.

விருமாண்டிக்கு இருபத்துமூன்று வயது. புத்தி ஆறு வயதோடு நின்றுபோனது. அடிக்க மாட்டான், உடைக்க மாட்டான். ஒரே ஒரு பழக்கம். கண்ணில் படுகிறவரை எல்லாம் நிறுத்தி, சாப்டாச்சா என்று கேட்பான். ஆச்சு என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட முடியாது. என்ன குழம்பு என்பான். குழம்பைச் சொன்னால்தான் வழி விடுவான். கதவு திறந்திருந்தால் உள்ளேயே போய்க் கேட்பான்.

(ஊரே அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியது என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அவன் வாயில் பச்சை மிளகாயைத் திணித்துவிட்டுச் சிரித்தவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான்.)

மலையாண்டி ஒரு ஏற்பாடு செய்திருந்தான். பக்கத்து ஊரில் அவனுடைய மாமன் மொக்கையன் ஆடு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை வந்து விருமாண்டியைக் கூட்டிப் போவார். அவன் அங்கேயே ஆட்டோடு கிடப்பான். மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மலையாண்டி கெட்டவன் இல்லை. டவுனில் வீடு பார்த்த அனுபவம் அவனுக்கு இருந்தது. தனக்கு மட்டும் இடம் கேட்டே பல படி ஏறி இறங்கியவன்.

செல்லத்தாய் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவளுக்குப் பதினேழு, விருமாண்டிக்குப் பத்து. சட்டைப் பித்தானைத் தானே போட அவனுக்கு அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். அதற்கு இரண்டு வருஷம் பிடித்தது. அவன் முதல்முறையாகச் சரியாகப் போட்ட அன்று, மதினி மதினி என்று அவளை வயல் வரைக்கும் தேடிக்கொண்டு வந்து நெஞ்சை நிமிர்த்திக் காட்டினான்.

“அவனும் நம்மகூட வாரான்” என்றாள் கணவனிடம்.

“டவுன்ல எவன் வீடு குடுப்பான்?”

“நான் பாத்துட்டு வாரேன்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள பாரு” என்றான். அது கோபமா, இரக்கமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

3

திங்கட்கிழமை பசுமலைக்குப் போனாள். மலையடிவாரத்தில், வேப்பமரம் நிற்கிற தெருவில், காற்றோட்டமான வீடு. பாண்டியம்மாள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்விடலாம். மலையாண்டிக்கு டிப்போ ஒரே பஸ். வீட்டுக்காரி ரெங்கம்மாள் படித்தவர், நிதானமாகப் பேசினார். சொந்த ஊர் எது, வீட்டுக்காரருக்கு என்ன வேலை, குடிக்கிற பழக்கம் உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில் எத்தனை பேர் என்றார்.

“மூணு பேரும்மா.”

ரெங்கம்மாள் தலையசைத்தார். வீடு உங்களுக்குத்தான், நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுங்கள் என்றார்.

செல்லத்தாய் பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றாள். ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. மூன்று என்று சொன்ன வாய் கசந்தது என்றார் என்னிடம். பொய் சொன்னதற்காக இல்லை. அவனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக் கொண்டுவருகிற மாதிரி இருந்ததாம். வந்த பிறகும் அவனை எத்தனை நாளைக்கு ஒளித்து வைக்க முடியும்? முதல் நாளே ரெங்கம்மாளிடம் போய் என்ன குழம்பு என்பானே.

திரும்பி நடந்தாள். வழியில் செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் பிடித்தபடியே போய்க் கதவைத் தட்டினாள். “நாலு பேரும்மா” என்றாள். நாலாவது ஆள் யார், எப்படிப்பட்டவன் என்பதையும் சொன்னாள்.

ரெங்கம்மாள் கத்தவில்லை. உட்காரச் சொல்லி, பொறுமையாக விளக்கினார். மாடியில் கல்லூரிப் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பெற்றவர்கள் என்னை நம்பி விட்டிருக்கிறார்கள், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். செல்லத்தாய் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வேப்பமரத்தை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள்.

(இங்கே ரெங்கம்மாளைக் கொடுமைக்காரியாக எழுதினால் கதை சுலபமாக நகரும். ஆனால் செல்லத்தாய் இன்றும் அவரைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசுகிறார். நான் யார் மாற்ற?)

4

புதன்கிழமை ஆனையூர்.

இந்தப் பகுதியை ஆறு தடவை எழுதிக் கிழித்தேன்.

“வீட்டுக்காரர் முரட்டு மீசையும் சிவந்த கண்ணுமாக—”

“அந்த வீட்டில் ஈவிரக்கம் என்பதே—”

செல்லத்தாய் ஆனையூரைப் பற்றி எனக்குச் சொன்னது இரண்டே வாக்கியம். “அங்க ஒரு பெரியம்மா மோரு குடுத்துச்சு, பச்சை மிளகா கிள்ளிப் போட்டு, அம்புட்டு நல்லாருந்துச்சு. வீடு சரிப்படல.” அவ்வளவுதான். உடனே ஒத்தக்கடைக்குப் போய்விட்டார்.

மிச்சம் எனக்குத் தெரியும். அவர் சொல்லித் தெரிந்ததல்ல. மோர் கொடுத்தது என் அம்மா.

அது எங்கள் வீடு. முன்கட்டு காலியாக இருந்தது. செல்லத்தாய் இந்தத் தடவை வாசலிலேயே நின்று, உட்காருவதற்கு முன்னாலேயே, நாலு பேர் என்று சொல்லிவிட்டாள். நாலாவது ஆளைப் பற்றியும் சொன்னாள். அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு, அதனாலென்ன, பிள்ளை மாதிரிதானே, வரட்டும் என்றாள்.

நான் உள்ளறையில் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கும் அப்போது இருபத்துமூன்று வயது. முதல் கதை பத்திரிகையில் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எழுத்தாளனுக்கு அமைதி வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். எழுந்து வந்து, அந்தப் பெண் கேட்கும்படியாகவே அம்மாவிடம் சொன்னேன்:

“இது வீடா, பைத்தியக்கார ஆஸ்பத்திரியா?”

அம்மா என்னைப் பார்த்தாள். செல்லத்தாய் என்னைப் பார்க்கவில்லை. மோரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். டம்ளரைக் கழுவி, கவிழ்த்து வைத்தாள். “வாரேன் பெரியம்மா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

(அம்மா அன்று ராத்திரி எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. முன்கட்டு எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. அந்த அமைதியில் நான் எழுதிய எதுவும் தேறவில்லை.)

5

வியாழக்கிழமை. இன்னும் ஒரே நாள்தான் இருந்தது. முந்தின நாள் திரும்பி வந்த பஸ்ஸில் மலையாண்டியைத் தெரிந்த கண்டக்டர் ஒருவர், ஒத்தக்கடையில் புதிது புதிதாக வீடு கட்டுகிறார்கள், அங்கே பாருங்கள் மதினி என்று சொல்லியிருந்தார். அன்றைக்குச் செல்லத்தாய் தனியாகப் போகவில்லை. விருமாண்டிக்குச் சலவைச் சட்டை போட்டுக் கூடவே கூட்டிப் போனாள். சொல்லி விளக்கி அவளுக்கு அலுத்துவிட்டது. பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள்.

யானைமலை பெரிதாகத் தெரிகிற மேலூர் ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தார்கள். பாதி வீடுகளுக்குப் பூச்சு இல்லை. தெருவுக்கு விளக்கு இல்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஒரு வீட்டுக்கு அடுத்தாற்போல், புதிதாகக் கட்டி முடித்த சின்ன வீடு பூட்டிக் கிடந்தது. யாரைக் கேட்பது என்று அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், விருமாண்டி பக்கத்து வீட்டின் திறந்த கதவு வழியாக உள்ளே போய்விட்டான்.

உள்ளே அஜ்மல் பீவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் பக்கீர் முகமதுக்கு மதுரைக்குள் தகரப் பெட்டி விற்கிற கடை. பழைய வீடு நெருக்கமாகிப் போனதால் இங்கே இடம் வாங்கி, தங்களுக்கு ஒன்றும் வாடகைக்கு ஒன்றுமாக இரண்டு வீடு கட்டியிருந்தார்கள்.

“சாப்டாச்சா?” என்றான் விருமாண்டி.

செல்லத்தாய் பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அஜ்மல் பீவி முறத்தைக் கீழே வைத்தார். அவனை மேலும் கீழும் பார்த்தார். ஒரு நிமிஷத்தில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று செல்லத்தாய் சொன்னார்.

“இல்லப்பா. நோம்பு.”

“நோம்புன்னா?”

“பொழுது சாயிற வரைக்கும் ஒண்ணும் சாப்பிட மாட்டோம்.”

விருமாண்டியின் வாழ்நாளில் இப்படி ஒரு பதிலை யாரும் சொன்னதில்லை. யோசித்தான். பிறகு வாசற்படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். குழம்பு தெரியாமல் அவன் எழுந்திருக்க மாட்டான். செல்லத்தாய் கெஞ்சினாள், கையைப் பிடித்து இழுத்தாள். அவன் அசையவில்லை. அஜ்மல் பீவி பிள்ளைகளுக்கு வடித்த சோற்றில் தட்டு நிறையப் போட்டு அவன் முன்னால் வைத்தார். அதையும் தள்ளிவிட்டான். “நீங்க சாப்டாத்தான்” என்றான்.

மத்தியானம் பசித்தால் அழுகிறவன் அவன். அன்று அழவில்லை. அவன் சாப்பிடாததால் செல்லத்தாயும் சாப்பிடவில்லை. இரண்டு பெண்களும் அந்த நீண்ட பிற்பகலை ஒன்றாகக் கழித்தார்கள், அரிசி புடைத்து, கஞ்சிக்குப் பூண்டு உரித்து. பாண்டியம்மாளைப் பற்றி, செத்துப்போன மாமியாரைப் பற்றி, நாளைக்கு வரப்போகிற மாமன் மொக்கையனைப் பற்றி எல்லாம் பேசினார்கள். வீடு வேண்டும் என்று செல்லத்தாய் கேட்கவே இல்லை. மறந்துபோனது என்றார்.

சாயங்காலம் பக்கீர் முகமது வந்தார். வாசலில் அந்நியன் ஒருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். மனைவி உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவர் வெளியே வந்து, செல்லத்தாயிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டார்: கை நீட்டுவானா?

“கை ஓங்க மாட்டாண்ணே. வாய்தான் ஓயாது.”

பக்கீர் முகமது மனைவி பக்கம் திரும்பினார். “வாய் ஓயாத ஆளுக எங்க வீட்லயும் இருக்காக” என்றார்.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. அஜ்மல் பீவி பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டார், கஞ்சி குடித்தார். விருமாண்டி அவர் தொண்டை இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகுதான் தன் கிண்ணத்தைத் தொட்டான். மூன்று கிண்ணம் குடித்தான்.

சனிக்கிழமையே சாமான் கொண்டு வந்துவிடுங்கள் என்றார்கள்.

6

மறுநாள் மாமன் மொக்கையன் வந்து வெறுங்கையோடு திரும்பினார். மலையாண்டிக்கு வீடு பிடிக்கவில்லை. டிப்போ ஊரின் ஒரு கோடி, ஒத்தக்கடை மறுகோடி. செல்லத்தாய் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: “நீங்க ரெண்டு பஸ் ஏறுங்க. அவன் ஆடு மேய்க்க வேண்டாம்.” மலையாண்டி ஏழு வருஷமாக இரண்டு பஸ் ஏறுகிறான். ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை என்றார் செல்லத்தாய். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

(அந்தத் தெருவிலும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. இரண்டு வீட்டார் வெகுநாள் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். ஒருமுறை விருமாண்டி மேலூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். பக்கீர் முகமது கடையைச் சாத்திவிட்டு மலையாண்டியோடு இரண்டு நாள் தேடினார். திருவாதவூரில் ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தான்.)

செல்லத்தாய் கதையை முடித்துவிட்டுச் சாவியை எடுத்து வீட்டைத் திறந்து காட்டினார். நல்ல வீடு. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அடையாளம் தெரியவில்லையா, தெரிந்துதான் அந்த ஒரு வரியைத் தன் கதையிலிருந்து எடுத்துவிட்டாரா? அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. “அடுத்த ஞாயித்துக்கெழமை உங்க வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்க தம்பி. ஆம்பளைக பஸ்ஸ்டாப்ப மட்டுந்தான் பாப்பீக” என்றார்.

ஆக, முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று: நான் உண்மையைச் சொல்கிறேன். அவர் சிரித்து, அது எனக்குப் போன வாரமே தெரியும் தம்பி என்று சாவியைக் கொடுக்கிறார். (இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

இரண்டு: சொல்கிறேன். அவர் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, வீடு சரிப்படாது தம்பி என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது.

மூன்று: சொல்லாமலே குடிவருகிறேன். என் பிள்ளை அந்தத் தெருவில் எல்லார் மடியிலும் வளர்கிறது. நான் மட்டும் எதிர்வீட்டு வாசலைப் பார்க்காமல் தினமும் வெளியே போய் வருகிறேன்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி இப்போதே புடவையை எடுத்து வைத்துவிட்டாள். அவளுக்கு இந்தக் கதை தெரியாது. நீங்கள்தான் முதலில் படிக்கிறீர்கள். அந்தத் தெருவில் நின்று நான் பேசவேண்டிய முதல் வாக்கியத்தைக் காலையிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். இவ்வளவு தூரம்தான் வந்திருக்கிறது, மிச்சத்தை நீங்கள் எழுதிக் கொடுங்கள்:

“அக்கா, நாங்க குடிவாரதுக்கு முன்னாடி, நான் யாருன்னு—”