இடது கண்ணின் பதில்

"கண்ண சிமிட்டலாம் அக்கா, நூலு விழாது," என்றாள் ஆய்வுக்கூட உதவியாளர் சலேஹா.

ஜெகதீஸ்வரியின் கீழிமைக்குள் கண் நரம்பின் மின் அலையைப் பதிவு செய்யும், முடியைவிட மெல்லிய கம்பி நூல் ஒன்று கிடந்தது. எதிரே திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இடம் மாறி மாறித் துடித்தன. ஒரு கண் மட்டும் மந்தமான பெரியவர்களுக்கு விழித்திரை நரம்புச் செல்கள் எப்படி வேலை செய்கின்றன என்று கெலுகோர் நகரிலிருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்க்கிறார்கள். அறிவிப்பைப் படித்துவிட்டு லீவு போட்டு வந்திருந்தாள்.

சிப் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக அவள் மைக்ரோஸ்கோப்பில் கோளாறு பார்ப்பவள். இடது கண் சிறுவயதிலிருந்தே மந்தம். அதை மூடிக்கொண்டு, வலது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். மயிரிழை விரிசலும் தப்பாது. வருடாந்திரக் கண் பரிசோதனையில் மட்டும் ஒரு தந்திரம். முன்னால் நிற்பவர் வாசிக்கும் எழுத்துகளைக் காதில் வாங்கி, இடது கண்ணின் முறை வந்ததும் அப்படியே ஒப்பித்துவிடுவாள். இந்த வருடம் அட்டை போய்த் திரை வந்தது, ஆளுக்கு ஒரு வரிசை எழுத்து. குட்டு உடைந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கண்ணில் குறையில்லை என்று டாக்டர் கடிதம் தராவிட்டால் பேக்கிங் பிரிவுக்குப் போய்ப் பெட்டி தூக்க வேண்டும். மைக்ரோஸ்கோப் முன்னிருந்த தன் நாற்காலியை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

"தெரியுதும்மா. கட்டமெல்லாம் நல்லா தெரியுது," என்றாள், பழக்கதோஷத்தில்.

சலேஹா சிரித்தாள். "நீங்க ஒண்ணுமே சொல்ல வேணாம் அக்கா. நடுவுல சிவப்புப் புள்ளி, அத மட்டும் பாருங்க. இங்க பாஸ், ஃபெயில் இல்லலா. கண்ணே பதில் சொல்லும்."

ஜெகதீஸ்வரி சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "கலங்கலாத்தான் இருக்கு."

"கலங்கலாவே பாருங்க."

அப்படி அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. மனது லேசானது.

இரண்டு கண்ணுக்கும் சோதனை முடிந்ததும் சலேஹா திரையில் இரண்டு அலைகளைக் காட்டினாள். "இது வலது, இது இடது. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். உங்க இடது கண்ணு நரம்பு ஒழுங்கா வேல செய்யுது. சின்ன வயசுல மூளைதான் அது சொல்றத கேக்காம விட்டிருச்சு."

ஜெகதீஸ்வரிக்குக் கண் நிறைந்தது. நாற்பத்து மூன்று வருடமாகத் தண்டம் என்று நினைத்திருந்த கண். இமையை விரலால் தொட்டுப் பார்த்தாள். "பாவம். இத எழுதிக் குடுப்பீங்களா?"

"இது ஆராய்ச்சிக்கு மட்டுந்தான் அக்கா," என்று தொடங்கிய சலேஹா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் ஓடினாள். அவரைக் கெஞ்சி நாலு வரி வாங்கி வந்தாள்.

வெள்ளிக்கிழமை அந்தக் கடிதத்தைத் தொழிற்சாலை அலுவலக அதிகாரி மோகனராஜ் இரண்டு தடவை படித்தான்.

"நரம்பு நல்லா இருக்குன்னு போட்டிருக்கு, சந்தோஷம் அக்கா. ஆனா பார்வை கம்மின்னும் போட்டிருக்கே. ஃபார்ம் ரெண்டு கண்ணுக்கும் பார்வை நம்பர் கேக்குது."

"என் கையில ஒரு சிப்பு தப்பிப் போயிருக்கா தம்பி?"

"இல்லதான். அத எழுத ஃபார்ம்ல எடம் இல்ல அக்கா."

அடுத்த வாரம் பேக்கிங் பிரிவில் அவள் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் ஷேரன் வந்தாள். "அக்கா, ஒரு நிமிஷம் வாங்க. மோகனாவுக்கு ஒரு சிப்புத் தட்டுல சந்தேகமாம்."

மோகனா ஜெகதீஸ்வரியின் நாற்காலிக்குப் புதிதாக வந்த பெண், இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். எழுந்து இடம்விடப் போனவளை, "நீ உக்காரு, கேமரா இருக்கு, அக்கா இங்க உக்காரக் கூடாது," என்று ஷேரன் தடுத்தாள். ஜெகதீஸ்வரி நின்றபடியே அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, இடது கண்ணை மூடி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள்.

"மூணாவது வரிசை, கடைசி சிப்பு. ஓரத்துல விரிசல்."

ஷேரன் படிவத்தை நீட்டினாள். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் மோகனா, ஜெகதீஸ்வரியின் முகத்தைப் பார்க்காமல், தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.